துப்பாக்கிக் குழலில் துளை போட்ட கதை

தாம்சன் சப்மெஷின் கன்னுக்கு ஒரு பொல்லாத குணம் இருந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் முதல் குண்டு குறிவைத்த இடத்தில் விழும். இரண்டாவது சற்று மேலே. ஐந்தாவது, ஆறாவது குண்டுகள் எதிரே நிற்பவரின் தலைக்கு மேலே பறந்துவிடும். நிமிடத்துக்கு 800 குண்டுகளை ஒட்டிய வேகத்தில் சுடும்போது ஒவ்வொரு வெடிப்பும் குழலின் வாயைக் கொஞ்சம் தூக்கிவிடும். அதைத் திரும்ப இறக்க சுடுபவருக்கு அவகாசமே கிடைக்காது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையை மனதில் வைத்து ஜான் தாம்சன் உருவாக்கிய ஆயுதம் இது. ஆனால் அது தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1921-ல் கோல்ட் தொழிற்சாலை செய்து கொடுத்த 15,000 துப்பாக்கிகள் வாங்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் தேங்கின.

அந்தத் துப்பாக்கியை முதலில் மதித்து ஏற்றவர்களில் அமெரிக்காவின் மரைன் படையினர் முக்கியமானவர்கள். 1926 அக்டோபரில் நியூஜெர்சி மாநிலம் எலிசபெத் நகரில் ஒரு கும்பல் தபால் வண்டியை மறித்துக் கொள்ளையடித்தது. தபாலுக்குக் காவலாக 2,500 மரைன்களை அனுப்பும்படி அதிபர் கூலிட்ஜ் உத்தரவிட்டார். ரயிலிலும் தபால் வண்டியிலும் காவலிருந்த அந்த வீரர்களின் கைகளில் தாம்சன் இருந்தது. அடுத்த ஆண்டு நிகராகுவாவின் காட்டுச் சண்டைக்கும் அது போயிற்று. குழல் மேலேறும் தொல்லையை நேரில் அனுபவித்தவர்கள் அவர்கள்தான். அதற்கான மருந்தும் அவர்களிடமிருந்தே வந்தது.

மரைன் அதிகாரி ரிச்சர்ட் கட்ஸும் அதே படையில் இருந்த அவருடைய மகனும் சேர்ந்து ஒரு சிறிய உருளையை வடிவமைத்தார்கள். குழலின் முனையில் பொருத்த வேண்டிய அதன் மேற்புறத்தில் குறுக்குவாட்டில் சில பிளவுகள். குண்டு உருளையைக் கடந்து போய்விடும். அதன் பின்னால் பாய்ந்து வரும் வெடிவாயுவில் ஒரு பகுதி பிளவுகள் வழியே மேல்நோக்கிச் சீறும். வாயு மேலே போனால் குழல் கீழே தள்ளப்படும். நியூட்டன் 1687-ல் எழுதி வைத்த மூன்றாம் விதிதான், வேறொன்றுமில்லை. கட்ஸ் காம்பென்சேட்டர் என்று பெயர் பெற்ற அந்த உருளை 1928 மாடல் தாம்சனின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளைக் காலத்து ஹாலிவுட் தாதா படங்களில் தாம்சனின் முனையில் குமிழ் மாதிரி தெரிகிறதே, அதுதான் இது.

வெடிவாயுவைத் திசைதிருப்பும் எண்ணம் கட்ஸுக்கு முன்பே இருந்தது. பிரான்சில் பீரங்கிப் படை அதிகாரி ட்ரய் த பூலியூ 1840களிலேயே பீரங்கிக் குழலில் சாய்வான துளைகள் போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய டேங்குகளை நினைத்தால் கண்முன் வரும் அந்த நீண்ட பீரங்கியின் முனையில் இருக்கும் தடித்த உருளையும் அதே வம்சம்தான். பீரங்கியில் அது அபாரமாக வேலை செய்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் தாம்சனில் அந்த அளவுக்குச் செய்யவில்லை. இந்த வேறுபாடு ஏன் என்பதில்தான் துளையிட்ட குழலின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

துப்பாக்கி உதைப்பதற்குக் காரணங்கள் இரண்டு. முன்னே பாயும் குண்டு ஒன்று, அதைத் தள்ளிக்கொண்டு வரும் வாயு மற்றொன்று. குண்டினால் வரும் உதையை எந்தத் துளையாலும் குறைக்க முடியாது. குண்டு நேரே போயாக வேண்டும். துளையால் தொட முடிந்தது வாயுவின் பங்கை மட்டுமே. அதைப் பின்னோ மேலோ திருப்பிவிடலாம், அவ்வளவுதான். ஆகவே எரியும் மருந்து எவ்வளவு என்பதுதான் கேள்வி. தாம்சன் சுடும் .45 பிஸ்டல் தோட்டாவில் குண்டின் எடை ஏறக்குறைய 15 கிராம், வெடிமருந்து கிராமில் மூன்றில் ஒரு பங்கு. குண்டின் எடையில் இரண்டு சதவீதம். ராணுவ ரைஃபிளின் .223 தோட்டாவில் குண்டு மூன்றரை கிராம், மருந்து ஒன்றரை கிராமுக்கும் மேல், கிட்டத்தட்டப் பாதி. ரைஃபிளில் திருப்பிவிட ஏராளமான வாயு உண்டு. பழைய .45-ல் அது இல்லை. அழுத்தமும் குறைவு: .45-க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மி.மீ. தோட்டாவுக்கு 35,000.

போர் வந்தபோது இந்தக் கணக்கு அம்பலமானது. 1942-ல் தாம்சனின் தயாரிப்பை எளிமையாக்கி எம்1 என்ற புதிய வடிவம் வந்தபோது, கட்ஸ் உருளை ஓசையின்றி நீக்கப்பட்டது. அதைக் கடைந்து எடுக்க ஆகும் செலவுக்கும் நேரத்துக்கும் ஏற்ற பலன் கிடைக்கவில்லை என்பதே காரணம். அது இல்லாத துப்பாக்கியோடுதான் ஏராளமான வீரர்கள் போரை முடித்தார்கள். வேட்டைத் துப்பாக்கி உலகில் மட்டும் கட்ஸ் பெயர் நிலைத்தது. கனெக்டிகட்டின் லைமன் நிறுவனம் அந்த உருளையை ஷாட்கன்களுக்கு விற்று, பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் விளையாட்டுக்காரர்களிடையே பிரபலமாக்கியது. பக்கத்தில் நின்று சுடுபவர்களுக்கு அதன் இரைச்சல் பிடிக்கவில்லை என்பதும் அப்போதே எழுந்த புகார்.

கைத்துப்பாக்கியில் துளைக்கு வேலை வர, முதலில் கைத்துப்பாக்கிக்குள் வாயு சேர வேண்டியிருந்தது. அதைச் சேர்த்தவர்கள் மேக்னம் என்ற பலமான தோட்டாக்களைச் செய்தவர்கள். 1935-ல் ஸ்மித் அண்ட் வெஸனின் .357 மேக்னம் வந்தது. ஐடஹோ மாநிலத்து மாட்டுப்பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத் அதோடு திருப்தியடையவில்லை. பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் தாமே மருந்தை ஏற்றிச் சுட்டுப் பார்த்து, இந்தப் பலத்தில் ஒரு தோட்டா வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார். 1955 முடிவில் .44 மேக்னம் பிறந்தது. பதினைந்தரை கிராம் குண்டு, அதன் பின்னால் ஒன்றரை கிராம் மருந்து. .45-ல் இரண்டு சதவீதமாக இருந்த மருந்து இங்கே பத்து சதவீதம். வாங்கியவர்களில் பலர் ஒரு பெட்டித் தோட்டாவைக்கூட முடிக்காமல் விற்றுவிட்டார்கள் என்று அந்தக் காலத்து துப்பாக்கிப் பத்திரிகையாளர்கள் சொல்வார்கள். உள்ளங்கையைக் கிழிப்பது போன்ற உதை. 1971-ல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘டர்ட்டி ஹாரி’ வந்த பிறகு, அந்த உதையைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அதே ரிவால்வரைக் கேட்டுக் கடைக்கு வந்தார்கள்.

சரியாக அந்த வேளையில் மிச்சிகன் மாநிலத்தில் லாரி கெல்லி தன் பட்டறையைத் திறந்தார். கைத்துப்பாக்கியோடு ஆப்பிரிக்கா வரை வேட்டைக்குப் போனவர் அவர். ஆனால் அவருடைய உண்மையான மூலதனம் வேட்டை அனுபவம் அல்ல, தீப்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் இ.டி.எம். என்ற தொழில்நுட்பத்தில் இருந்த பழக்கம். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1943-ல் மாஸ்கோவில் போரிஸ் லாசரென்கோ, நடாலியா லாசரென்கோ என்ற விஞ்ஞானித் தம்பதி டங்ஸ்டன் மின்தொடுப்புகள் தீப்பொறியால் ஏன் தேய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எஞ்சின்களில் இந்தத் தேய்மானம் பெரும் தலைவலி. அவர்களால் தேய்மானத்தைத் தடுக்க முடியவில்லை. மாறாக, எண்ணெய்க்குள் அமிழ்த்தித் தீப்பொறியைக் கட்டுப்படுத்தினால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு உலோகத்தை அரிக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். தடுக்கப் போன தேய்மானமே கருவியாகிவிட்டது.

துப்பாக்கிக் குழலுக்கு இது ஏன் இவ்வளவு பொருத்தம்? கடினமான எஃகுக் குழலில் துரப்பணத்தால் துளை போட்டால், உள்பக்கம் துளையின் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். ஒவ்வொரு குண்டும் அந்தப் பிசிறில் உரசும். ஈயம் சீவப்படும், குறி கெடும். தீப்பொறி முறையில் கருவி உலோகத்தைத் தொடுவதே இல்லை. பிசிறும் கிடையாது, வெளிப்பூச்சும் கெடாது. கெல்லி முன்குறிமுள்ளின் இருபுறமும் சரிவக வடிவத்தில் இரண்டு திறப்புகளை வெட்டினார். குழல் நீளவும் இல்லை, கனக்கவும் இல்லை, உறையிலும் சிக்காது. மேக்-நா-போர்ட் என்ற அவருடைய பட்டறைக்கு நாடெங்குமிருந்து ரிவால்வர்கள் தபாலில் வந்து சேர்ந்தன. கைத்துப்பாக்கியில் துளை போடுவது சோதனை முயற்சி என்ற நிலையிலிருந்து அன்றாடத் தொழிலாக மாறியது கெல்லியால்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டும். துளை போட்ட துப்பாக்கி குறி தவறாது என்று பலர் நினைக்கிறார்கள். கைத்துப்பாக்கிக் குண்டு குழலைவிட்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆவதில்லை. குழலின் வாய் பெரிதாகத் துள்ளுவது அதற்குப் பிறகுதான். ஆகவே துளை உதவுவது இப்போது சுடும் குண்டுக்கு அல்ல, அடுத்த குண்டுக்கு. குறிமுள் சீக்கிரம் இலக்குக்குத் திரும்பும். இரண்டு குண்டுகளுக்கு இடையிலான நேரம் சுருங்கும். நின்று நிதானமாக ஒரே குண்டைச் சுடுபவருக்குக் கை வலி குறையும், அவ்வளவே லாபம். கடிகாரத்தோடு போட்டி போடுபவருக்குத்தான் முழு லாபம்.

அப்படிக் கடிகாரத்தை வைத்து ஆடும் ஆட்டங்கள் 1970களில் பிறந்தன. 1975-ல் மிச்சிகனின் சென்ட்ரல் லேக் என்ற சிற்றூரில், குண்டு துளைக்காத உடை செய்த ரிச்சர்ட் டேவிஸ் ஒரு போட்டியைத் தொடங்கினார். மேசையில் ஐந்து பௌலிங் கட்டைகள், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை கிலோ. சுட்டுச் சாய்த்தால் போதாது. மேசையைவிட்டே கீழே தள்ள வேண்டும். வேகமாகத் தள்ளியவர் வெற்றியாளர். கனமான கட்டையைத் தள்ள கனமான குண்டு வேண்டும். கனமான குண்டு கையைத் தூக்கும், கை தூக்கினால் நேரம் போகும். இந்தச் சிக்கலை அவிழ்க்க லூசியானாவின் ஜிம் கிளார்க் முன்வந்தார். 1958-ன் தேசிய பிஸ்டல் சாம்பியனான அவர் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரும்கூட. .45 பிஸ்டலின் குழலை நீட்டி முனையில் எடையைச் சேர்த்து அவர் செய்த துப்பாக்கிக்குப் ‘பின் கன்’ என்றே பெயர். முனை எடையோடு வாயு அறைகளையும் சேர்க்கும் வழக்கம் விரைவில் மற்றக் கம்மியர்களிடமும் பரவியது.

இன்னொரு ஆட்டம் இதைவிடப் பெரிதாக வளர்ந்தது. 1976 மே மாதம் மிசௌரியின் கொலம்பியா நகரில் கூடிய சுடுநர்கள் ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஜெஃப் கூப்பர், முன்னாள் மரைன் அதிகாரி. துல்லியம், பலம், வேகம் மூன்றும் சமமாக மதிக்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. பலத்தை அளக்க ஓர் எளிய பெருக்கல் வைத்தார்கள். குண்டின் எடையை கிரெய்ன் என்ற சிறு எடை அலகிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1980களில் அந்த எண் 175-ஐத் தொட்டால் ‘மேஜர்’; ஓரத்தில் விழும் குண்டுக்கும் நல்ல மதிப்பெண். கூப்பர் மனதில் இருந்தது .45 பிஸ்டல். 230 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 760 அடி சுமாரில் போனால் கணக்கு நிறைந்துவிடும். 1981-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் ராஸ் சைஃப்ரிட் உலகப் பட்டம் வென்றது அப்படியொரு சாதாரண .45-ஐக் கொண்டுதான்.

பெருக்கல் கணக்கில் ஒரு வாசல் திறந்திருந்ததைச் சிலர் கவனித்தார்கள். குண்டை லேசாக்கி வேகத்தைக் கூட்டினாலும் அதே 175 வரும். 130 கிரெய்ன் குண்டு 1,350 அடி வேகத்தில் போனால் போதும். அதற்கு அதிக மருந்து வேண்டும். அதிக மருந்து என்றால் அதிக வாயு. அதிக வாயு என்றால் முனையில் உள்ள காம்பென்சேட்டருக்குத் தீனி. தாம்சனில் பட்டினி கிடந்த அந்தக் கருவிக்கு அறுபது ஆண்டுகள் கழித்து விருந்து கிடைத்தது. அந்த விருந்தைப் படைத்த தோட்டா, தாம்சன் காலத்திலேயே பிறந்தது. காரில் தப்பியோடும் கும்பல்களை எதிர்கொள்ள, கார்த் தகட்டைத் துளைக்கும் தோட்டா என்று சொல்லி 1929-ல் கோல்ட் விற்ற .38 சூப்பர்தான் அது. ராப் லேதம், பிரையன் இனோஸ் என்ற இரு அரிசோனா இளைஞர்கள் அதைக் கையிலெடுத்தார்கள். லேதம் 1980களில் உலகப் பட்டத்தை மீண்டும் மீண்டும் வென்றார். சில பருவங்களுக்குள் .45-ஐ நம்பி முன்வரிசைக்கு வர முடியாது என்றாகிவிட்டது.

இதற்கு விலையும் இருந்தது, சிலர் அதை முகத்தில் வாங்கினார்கள். பழைய வடிவப் பிஸ்டலின் குழலில் தோட்டாவின் அடிப்பகுதி முழுவதும் தாங்கப்படாது. மருந்தை அளவுக்கு மேல் ஏற்றினால் தாங்கல் இல்லாத இடத்தில் பித்தளை உறை கிழியும். எரிவாயுவும் துகள்களும் பின்னால் சீறும். இந்தக் காயத்துக்குச் சுடுநர்கள் ‘சூப்பர் ஃபேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் உறையை முழுதாகத் தாங்கும் குழல்கள் பரவின. தேவைப்படும் எண்ணையும் அமைப்புகள் பின்னாளில் குறைத்தன.

1990-ல் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் டக் கோனிக் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி பொருத்திய துப்பாக்கியோடு வென்றார். கூப்பர் மனதில் இருந்த இடுப்பு பிஸ்டலுக்கும் போட்டி மேடையில் நின்ற துப்பாக்கிக்கும் உறவு அறுந்துபோன தருணம் என்று அதைச் சொல்லலாம். மூன்று நான்கு அறைகள் கொண்ட காம்பென்சேட்டர், அதற்குப் பின்னால் குழலிலேயே துளைகள், மேலே கண்ணாடி வில்லை. பொறியாளர் வில் ஷூமன் செய்த குழலில், மேலே எழும்பிய முதுகில் துளைகள் இருக்கும். அந்த முதுகு, குழலை மூடியபடி முன்பின் நகரும் ஸ்லைடில் வெட்டிய நீண்ட இடைவெளி வழியே வெளியே தெரியும். அபார வேலைப்பாடு. ஆனால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. பயிற்சி வெறும் விளையாட்டாகச் சுருங்கிவிட்டது என்று கூப்பர் வருந்தினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் வாயுவையும் உதைப்பையும் பற்றி இவ்வளவு துல்லியமாக உலகம் கற்றது அந்த ஆட்டக்காரர்களிடம்தான் என்பதும் அதே அளவு உண்மை.

விதி எழுதுவோர் வேலி போட்டார்கள். துளையும் காம்பென்சேட்டரும் ‘ஓப்பன்’ பிரிவில் மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. 1996-ல் தொடங்கிய ஐடிபிஏ, அன்றாடம் கட்டிச்செல்லும் துப்பாக்கிகளுக்கான ஆட்டம் என்று அறிவித்து, அவற்றை வாசலிலேயே நிறுத்தியது. அதைத் தொடங்கியவர்களில் பில் வில்சனும் ஒருவர். 1980களில் காம்பென்சேட்டர் பொருத்திய பந்தயத் துப்பாக்கிகளைச் செய்து புகழ்பெற்ற அதே கம்மியர்.

ஒலிம்பிக்கிலும் இதே போராட்டம் நடந்தது. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியின் கடைசிச் சுற்றுகளில் ஐந்து இலக்குகளை நான்கு விநாடிகளில் சுட வேண்டும். குழல் துள்ளினால் எல்லாம் போயிற்று. 1956 மெல்போர்னில் சோவியத் வீரர்கள் குழலைத் தலைகீழாகக் கைக்கு நேரே தாழ்த்தி வைத்த பிஸ்டலோடு வந்தார்கள். குழல் கையின் உயரத்திலேயே இருந்தால் மேலே துள்ளக் காரணமே குறைந்துவிடும். அந்த வடிவத்தைப் பின்னர் விதிகள் தடுத்துவிட்டன. பிறகு இத்தாலியப் பார்டினி போன்ற பிஸ்டல்களின் குழலில் வரிசையாகத் துளைகள் வந்தன, பலம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாவின் மெல்லிய உதையும் அவற்றில் கரைந்தது. 2004 ஏதென்ஸுக்குப் பிறகு அதுவும் முடிந்தது. சற்றுப் பெரிய .22 லாங் ரைஃபிள் தோட்டா கட்டாயமானது. துளைக்கும் காம்பென்சேட்டருக்கும் இடமில்லை. 2012 லண்டனில் இந்திய ராணுவத்தின் விஜய்குமார் வெள்ளி வென்றது இந்தப் புதிய விதிகளின் கீழ்தான். முதலிடம் பெற்ற கியூபாவின் லெயூரிஸ் பூப்போ 34 புள்ளிகள், விஜய்குமார் 30. குழலைக் கீழே பிடித்து வைத்தது அவருடைய மணிக்கட்டு மட்டுமே.

போட்டி மைதானத்துக்கு வெளியே கதை வேறு. 1990களின் பிற்பகுதியில் கிளாக் நிறுவனம் 17சி, 19சி போன்ற மாடல்களைக் கொண்டுவந்தது. குழலின் மேற்புறத்தில் துளைகள், அவற்றுக்கு நேரே ஸ்லைடில் திறப்பு. நீளம் கூடவில்லை, வழக்கமான உறையிலேயே நுழைந்தது. ஆனால் குழலிலேயே துளை போடும்போது, குண்டு வெளியேறுவதற்குள் வாயு தப்பிவிடுகிறது. கடைசி அங்குலத்தில் தள்ளும் விசை குறைந்து, வேகம் கொஞ்சம் இழக்கப்படுகிறது. குழல் முனைக்கு அப்பால் பொருத்தும் காம்பென்சேட்டரில் இந்த இழப்பு இல்லை. ஆனால் துப்பாக்கி நீள்கிறது. இரண்டிலும் இரைச்சல் கூடும், கரி படியும், முன்குறிமுள் அழுக்காகும். இருட்டில் தீச்சுடர் கண்ணுக்கு நேரே எழும். மிக நெருக்கமான தாக்குதலில் துப்பாக்கியை விலாவோடு ஒட்டி வைத்துச் சுட வேண்டி வந்தால், மேலே சீறும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கியே வரும். காவல் பயிற்சியாளர்கள் பலர் துளையிட்ட துப்பாக்கிகளை ஒதுக்கியதற்கு இதுவே பெரிய காரணம், இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

துளை இல்லாமல் முடியவே முடியாது என்ற எல்லையும் ஒன்று உண்டு. 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸன் .500 மேக்னம் ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. 26 கிராமையும் தாண்டும் குண்டு, 60,000 பவுண்டு வரை அழுத்தம், இரண்டு கிலோ எடையுள்ள துப்பாக்கி. அதன் நீண்ட குழலின் முனையில் காம்பென்சேட்டர் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. எல்மர் கீத் கேட்ட பலத்தின் உச்சமும் லாரி கெல்லி கண்ட பரிகாரமும் அங்கே ஒரே இரும்பில் சந்தித்தன.

இப்போது சட்டைக்குள் மறைத்துக் கட்டும் குட்டிப் பிஸ்டல்களிலும் இது திரும்ப வந்திருக்கிறது. 2022-ல் சிக் சாவர் வெளியிட்ட பி365 எக்ஸ்மேக்ரோவில் குழலில் துளையே கிடையாது. குழலைக் குட்டையாக நிறுத்தி, ஸ்லைடின் முன்பகுதியையே வாயு அறையாகக் குடைந்துவிட்டார்கள். நீளமும் கூடவில்லை, தனி உருளையும் இல்லை. வேகம் குறைவது குழல் குட்டையாக இருப்பதால் மட்டுமே. ஆனால் பழைய கணக்கு இதையும் விடவில்லை. 115 கிரெய்ன் குண்டும் நிறைய மருந்தும் உள்ள தோட்டாவில் இதன் பலன் நன்றாகவே தெரியும். 147 கிரெய்ன் குண்டும் குறைந்த மருந்தும் உள்ள மந்தமான தோட்டாவில் பலன் தேய்ந்துவிடும். தனி காம்பென்சேட்டரைக் குழல் முனையில் மாட்டிய பிஸ்டல்களில் இன்னொரு தொல்லையும் சேரும். மலிவான பயிற்சித் தோட்டாவின் பலம் போதாமல் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, அடுத்த தோட்டா பாதியில் சிக்கும். அதனால்தான் காம்பென்சேட்டர் வாங்குபவர்களுக்குக் கம்மியர்கள் மெல்லிய சுருள்வில் ஒன்றையும் சேர்த்தே மாட்டிக் கொடுக்கிறார்கள்.